வழங்கி யாருடையது? தோட்டத் தமிழரும் கூட்டிணைந்த இணையமும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், ஜொகூர் எல்லையை ஒட்டி, தம்பின் மாவட்டத்தில் அமைந்துள்ள கெமாஸும் அதைச் சூழ்ந்த தோட்டப்புறங்களும் கடந்த அறுபது ஆண்டுகளில் கண்ட இழப்புகளைப் பற்றி எழுதுவோர், பால்மரங்கள் செம்பனைக்கு இடம் கொடுத்ததையும், லயங்கள் இடிக்கப்பட்டதையும், தோட்டப் பள்ளிகள் மாணவரின்றி மூடப்பட்டதையும் தவறாமல் குறிப்பிடுகின்றனர். அந்த வாழ்க்கையைப் பற்றிய பதிவுகள் இன்று எங்கே, யாருடைய பொறுப்பில் இருக்கின்றன என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. திருவிழாப் படங்கள், பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கான அழைப்புகள், இறப்புச் செய்திகள், ஒரே லயத்தில் வளர்ந்து இப்போது சிரம்பானிலும் கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் வாழ்வோர் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்கும் உரையாடல்கள் ஆகியவற்றுள் பெரும்பகுதி முகநூலிலும் வாட்ஸ்அப் எனப்படும் புலனத்திலும்தான் உள்ளன. இவ்விரண்டும் மெட்டா என்ற ஒரே அமெரிக்க நிறுவனத்துக்குச் சொந்தமானவை. புலனத்தை அந்நிறுவனம் 2014-இல் விலைக்கு வாங்கியது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இந்த ஏற்பாட்டின் தன்மையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வீடு, கோயில், பள்ளி, பந்து விளையாடிய திடல் அனைத்தும் நிறுவனத்தின் நிலத்தில் இருந்தன. மூன்று தலைமுறையாகக் குடியிருந்தவரிடமும் அந்நிலத்துக்கான பத்திரம் இல்லை. 1950-களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கி, வாங்கியோர் அவற்றைத் துண்டாடி மறுவிற்பனை செய்தபோது, பத்திரம் இல்லாத அந்தக் குடியிருப்புதான் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வேலையையும் வீட்டையும் ஒருசேரப் பறித்தது. சமூக வலைத்தளங்களின் பயன்பாட்டு ஒப்பந்தங்களும் குடியிருக்க இடம் தருகின்றனவே தவிர வேறெதையும் உறுதி செய்வதில்லை. எழுதியவரிடமே பதிப்புரிமை இருந்தாலும், எழுதியதைக் காட்டுவது, மறைப்பது, கணக்கை முடக்குவது, ஒருநாள் சேவையையே நிறுத்திக்கொள்வது ஆகிய முடிவுகள் தளத்தை நடத்தும் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன.

சேவை நிறுத்தப்படுவது வெறும் கற்பனை அச்சம் அன்று. கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில் வாழ்ந்த மருத்துவர் ஜெயபாரதி, யாகூ குழுமங்களில் ‘அகத்தியர்’ என்ற பெயரில் நடத்திவந்த குழு, தமிழ் இலக்கியம், வரலாறு, சமயம் ஆகியவற்றில் ஆர்வமுள்ளோர் பல நாடுகளிலிருந்து கூடிப் பேசிய இடமாக இருந்தது. யாகூ நிறுவனம் 2019 இறுதியில் எல்லாக் குழுமங்களின் சேமிப்பையும் தன் தளத்திலிருந்து அகற்றி, 2020 டிசம்பரில் அச்சேவையையே முடித்துக்கொண்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. இந்திய மொழிகளுக்கென்றே தொடங்கப்பட்டுத் தமிழிலும் இயங்கிய ‘கூ’ என்ற குறும்பதிவுத் தளம் 2024 ஜூலையில் தன் முடிவை அறிவித்தது. 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழும் 2019 ஜனவரி 31 அன்று நின்றுபோனது உண்மைதான். ஆயினும் அச்சிட்ட நாளிதழ் நின்றாலும் அதன் பழைய இதழ்கள் நூலகங்களில் இருக்கும். அச்சிடுவோர் தேசிய நூலகத்துக்குப் படிகளை ஒப்படைக்க வேண்டும் என்று மலேசியாவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. முகநூல் குழு ஒன்றில் பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்த தோட்டத்துப் புகைப்படங்களுக்கு அத்தகைய காப்பாளர் எவரும் இல்லை.

பொதுப் பணத்தில் நடக்கும் திட்டங்களும் இதற்கு விலக்கில்லை என்பதை மலேசியப் பள்ளிகளின் அனுபவம் காட்டுகிறது. ஏறத்தாழ 10,000 அரசுப் பள்ளிகளுக்கு இணைய இணைப்பையும் மெய்நிகர் கற்றல் தளத்தையும் வழங்குவதற்கான ‘1பெஸ்தாரிநெட்’ திட்டம் 2011-இல் ஒய்டிஎல் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கென வகுக்கப்பட்ட அத்திட்டத்தின் மதிப்பு 400 கோடி வெள்ளிக்கும் மேல். கற்றல் தளமாகப் பிரிட்டனைச் சேர்ந்த ‘ஃப்ராக்’ மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் அத்தளத்தைப் பயன்படுத்திய அளவு மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019 ஜூன் 30 அன்று ஃப்ராக் தளத்தின் காலம் முடிந்து, பள்ளிகள் கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறின. அடுத்த ஆண்டு கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் ஆகிய மூன்று நிறுவனங்களின் சேவைகளை உள்ளடக்கிய ‘டெலிமா’ அறிமுகமானது. ஒரு தளத்தின் அமைப்புக்கென உருவாக்கப்பட்ட பாடப்பக்கங்களும் பயிற்சிகளும் இன்னொரு தளத்துக்கு அப்படியே பெயர்வதில்லை. ஆகவே ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு முறையும் ஆசிரியர்கள் தங்கள் உழைப்பில் ஒரு பகுதியை மீண்டும் முதலிலிருந்து செய்ய நேர்கிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்த, ஆசிரியர் ஒருவரே பல பொறுப்புகளைச் சுமக்கும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு இது பெரிய பள்ளியைவிடக் கூடுதலான சுமை.

மாற்று வழி அப்போதும் இருந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியமாஸ் 2002-இல் வெளியிட்ட ‘மூடில்’ என்ற கற்றல் மேலாண்மைத் தளம் திறமூல மென்பொருள். மலேசியப் பல்கலைக்கழகங்கள் சிலவும் அதையே பயன்படுத்துகின்றன. திறமூல மென்பொருள் என்பது, நிரலர் எழுதிய மூலவரிகள் அனைவரின் பார்வைக்கும் வைக்கப்பட்டு, அவற்றைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமம் எழுத்து மூலமாகவே அனுமதி தரும் மென்பொருளாகும். விலையின்மை இதன் இலக்கணமன்று; இலவசமாகக் கிடைக்கும் செயலிகள் பலவற்றின் மூலவரிகள் பூட்டியே வைக்கப்பட்டிருக்கின்றன. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டமும், 1989-இல் வெளிவந்த குனு பொது உரிமமும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் கருவும் இந்த மரபுக்கு அடித்தளமிட்டன. ‘திறமூலம்’ என்ற பெயர் 1998-இல்தான் ஏற்பட்டது. இணையத்தின் வழங்கிகளில், அதாவது பிற கணினிகள் கேட்கும் தகவலை எடுத்துக் கொடுக்கும் கணினிகளில், பெரும்பாலானவை லினக்ஸிலேயே இயங்குகின்றன. தோட்டப்புறத்து இளைஞரின் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியிலும் இருப்பது லினக்ஸ் கருதான். பெருநிறுவனங்கள் இந்தப் பொதுச் சொத்தின் மேல் நின்றுகொண்டு தங்கள் மூடிய தளங்களைக் கட்டியிருக்கின்றன என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

மலேசிய அரசுக்கு இது தெரியாத செய்தியும் அன்று. பொதுத்துறையில் திறமூல மென்பொருளைப் பரப்புவதற்கான பெருந்திட்டத்தை அரசின் நிர்வாக நவீனமயப் பிரிவான மாம்பு 2004-இலேயே வெளியிட்டு, அதற்கெனத் திறன் மையம் ஒன்றையும் நிறுவியது. பிறகு ‘எந்தத் தொழில்நுட்பத்துக்கும் சலுகை இல்லை’ என்ற நடுநிலைக் கொள்கை முன்னுக்கு வந்தது. நடுநிலை என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விற்பனைக் குழுவும் விளம்பரச் செலவும் கொண்ட ஒரு தரப்பையும் அவை எதுவுமில்லாத ஒரு தரப்பையும் ஒரே வரிசையில் நிறுத்தும் நடுநிலையின் முடிவு முன்பே தெரிந்ததுதான். இதே காலத்தில் கேரளம் வேறு வழியில் சென்றது. 2001-இல் தொடங்கிய அதன் பள்ளிக் கணினித் திட்டம், இன்று ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக வளர்ந்து, பள்ளிக் கணினிகளில் லினக்ஸையும் கட்டற்ற கல்வி மென்பொருள்களையும் பயன்படுத்தி வருகிறது. அங்கு ஆசிரியரே பயிற்சியாளராகவும் பாடம் உருவாக்குவோராகவும் ஆக்கப்பட்டதுதான் அத்திட்டம் நிலைத்ததற்கு முதன்மைக் காரணம். மென்பொருளின் சிறப்பு அதற்கு அடுத்த காரணமே.

பொதுத் தரம் ஒன்றின் அருமையைத் தமிழர் ஏற்கெனவே ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டிருக்கின்றனர். அதில் மலேசியத் தமிழரின் பங்கு சிறியதன்று. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980-களின் நடுப்பகுதியில் உருவாக்கத் தொடங்கிய ‘முரசு’ மென்பொருள், கணினியில் தமிழ் எழுதுவதை எளிதாக்கிய முன்னோடிகளுள் ஒன்று. ஆனால் அக்காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனக்கென ஓர் எண்ணைக் கொடுத்திருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதி அனுப்பிய மடல், அதே எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் முதலிய பல நாட்டு ஆர்வலர்கள் 1990-களின் பிற்பகுதியில் கூடிப் பேசி ‘தஸ்கி’ என்ற பொதுக் குறியாக்கத்தை வகுத்தனர். அதற்குப் போட்டியாக ‘தாப்’, ‘தாம்’ என்ற குறியாக்கங்கள் 1999-இல் சென்னை மாநாட்டில் முன்வைக்கப்பட்டன. உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் ஒரே அட்டவணையில் எண் தரும் யூனிகோடு, 1991-இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தபோதிலும், விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் அதை ஏற்ற பிறகுதான் மெல்லப் பரவி, இறுதியில் இந்தப் பூசலை முடித்துவைத்தது. தமிழுக்கு யூனிகோடு ஒதுக்கிய இடமும் முறையும் போதுமானவை அல்ல என்ற மனக்குறை இன்றும் சிலரிடம் உண்டு. அது நியாயமான மனக்குறையும்கூட.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. முரசு அஞ்சல் ஒரு நிறுவனத்தின் படைப்பு. ‘தமிழா’ குழுவினரின் இ-கலப்பை இலவசமாக வழங்கப்பட்ட கட்டற்ற விசைப்பலகை மென்பொருள். இரண்டில் எதைக்கொண்டு எழுதினாலும் விளையும் எழுத்து ஒன்றே; ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றுக்கு மாறினாலும் பழைய ஆவணங்கள் கெடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு மென்பொருளும் திறமூலமாக இருந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவதைவிட, மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் முறை எவருக்கும் தனியுரிமையாகாமல் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது அடிப்படையானது. எழுத்துக்கு யூனிகோடு செய்ததைச் சமூக வலைத்தளங்களுக்குச் செய்ய முயல்வதே கூட்டிணைந்த இணையத்தின் நோக்கம்.

அந்த நோக்கத்தை விளக்குவதற்குக் கெமாஸைவிடப் பொருத்தமான ஊர் மலேசியாவில் இல்லை என்றே சொல்லலாம். மேற்குக் கரை இருப்புப்பாதையிலிருந்து கிழக்குக் கரைப் பாதை பிரியும் சந்திப்பு அது. 1910-இல் பகாவ் வரை திறக்கப்பட்ட அந்தக் கிளை, பகாங் காடுகளைக் கடந்து 1931-இல் கிளந்தானின் தும்பாட்டைச் சென்றடைந்தது. இரு பாதைகளும் ஒரு மீட்டர் அகலம் கொண்டவை என்பதனால்தான் ஒரு பாதையின் பெட்டி மற்றதில் ஓட முடிகிறது. அந்த ஒற்றுமை தானாக வந்ததன்று. அண்டை நாடான சயாமில் பாங்காக்கிலிருந்து வடக்கே சென்ற பாதை 1.435 மீட்டர் அகலத்தில் போடப்பட்டிருந்தது. ஆனால் மலாயாவோடு இணைய வேண்டிய தெற்குப் பாதையை மட்டும் அந்நாடு மீட்டர் அகலத்தில் அமைத்தது. 1918-இல் பாடாங் பெசாரில் இரு நாட்டுத் தண்டவாளங்களும் சந்தித்தன. உள்நாட்டிலேயே இரு அளவுகள் இருந்தால் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும் என்பதை உணர்ந்து, சயாம் தன் வடக்குப் பாதை முழுவதையும் 1920-களில் மீட்டர் அளவுக்கு மாற்றியது. அதற்காகச் சயாம் தன் இரயில்வேயை மலாயாவிடம் ஒப்படைத்துவிடவில்லை. நிர்வாகம், கட்டணம், கால அட்டவணை எல்லாம் தனித்தனியே நடந்தன. பொதுவானது அகலம் மட்டுமே.

இணையத்தில் இந்தப் பொது அளவுக்கு ‘நெறிமுறை’ என்று பெயர். மின்னஞ்சல் இதற்குப் பழைய சான்று: 1982-இல் வரையறுக்கப்பட்ட நெறிமுறையின்படி, ஜிமெயிலில் கணக்கு வைத்திருப்பவர் பல்கலைக்கழகத்து முகவரிக்கோ அரசு அலுவலக முகவரிக்கோ எழுத, அதற்கென அங்கே கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. முகநூலிலிருந்து எக்ஸ் தளத்தில் உள்ளவருக்கு அப்படி எழுத முடியாது. உலகளாவிய வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி 2018 ஜனவரியில் பரிந்துரையாக ஏற்ற ‘ஆக்டிவிட்டிபப்’ என்ற நெறிமுறை, சமூக வலைத்தளங்களுக்கும் மின்னஞ்சலின் இந்தத் தன்மையைக் கொண்டுவருகிறது. இதன்படி ஒவ்வொரு குழுவும் தன் வழங்கியில் தன் விதிகளோடு இயங்கலாம். ஒரு வழங்கியில் உள்ளவர் இன்னொரு வழங்கியில் உள்ளவரைப் பின்தொடரலாம், மறுமொழி எழுதலாம். ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோக்கோ 2016-இல் வெளியிட்ட ‘மாஸ்டடான்’ குறும்பதிவுக்கும், பிரான்சின் ஃப்ராமாசாஃப்ட் சங்கம் உருவாக்கிய ‘பியர்டியூப்’ காணொளிக்கும், ‘பிக்ஸல்ஃபெட்’ புகைப்படங்களுக்கும் உரிய திறமூல மென்பொருள்கள். மூன்றும் இதே நெறிமுறையில் பேசுவதால், ஒருவர் மாஸ்டடான் கணக்கிலிருந்தே பியர்டியூப் காணொளிக்குக் கருத்து எழுத முடிகிறது. இவற்றின் தொகுதியே ‘ஃபெடிவர்ஸ்’ எனப்படுகிறது.

மக்கள் இதை நோக்கி அலையலையாக வந்து, அலையலையாகவே திரும்பியிருக்கின்றனர். 2019 நவம்பரில் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது இந்தியர் பலர் மாஸ்டடானுக்குப் பெயர்ந்தனர். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியபோது உலக அளவில் பல இலட்சம் பேர் வந்து சேர்ந்தனர். சில மாதங்களில் அவர்களில் கணிசமானோர் திரும்பிவிட்டனர். சினத்தால் இடம் மாறுவோர் சினம் தணிந்ததும் நண்பர்கள் இருக்கும் இடத்துக்கே போவது இயல்பு. கூட்டமாக, ஒரு சங்கமாகவோ பள்ளியாகவோ இடம்பெயர்ந்தவர்கள்தான் தங்குகின்றனர் என்பதே இந்த அலைகளிலிருந்து பெறத்தக்க பாடம்.

பொது நெறிமுறையை ஏற்ற பெருநிறுவனம் அதைக் கைவிடவும் கூடும். கூகுள் டாக் 2005-இல் எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறையை ஏற்று, பிற வழங்கிகளில் உள்ளவரோடும் பேச வழிசெய்தது. 2013-இல் ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவு சாத்தப்படத் தொடங்கியது. வெளியே இருந்த சிறு வழங்கிகளின் பயனர்கள் கூகுள் பக்கம் இருந்த தங்கள் நண்பர்களைப் படிப்படியாக இழந்தனர். இப்போது மெட்டாவின் ‘த்ரெட்ஸ்’ தளம் 2023 டிசம்பர் முதல் படிப்படியாக ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில் பேசத் தொடங்கியிருக்கிறது. அதை வரவேற்பவரும் உண்டு; முன்னெச்சரிக்கையாகத் தடுத்து வைத்திருக்கும் வழங்கிகளும் உண்டு. பழைய கதையை அறிந்தவர்கள் தடுப்பதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பொதுத் தரத்துக்கு மனச்சாட்சி கிடையாது என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை கிழக்குக் கரைப் பாதையின் மெந்தகாப் முதலான பகுதிகளிலிருந்து தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுசென்றது; எந்த ஒரே அகலம் நாடுகளை இணைத்ததோ, அதே அகலம் அந்தப் பெயர்ப்பையும் எளிதாக்கியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்ட இடம் அது; அந்தப் பேரழிவை மென்பொருளோடு ஒப்பிடுவது தகாது. பொது உடைமையாக்கப்பட்ட எதுவும் எவர் கையிலும் சேரலாம் என்பதே கருத்து. வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்பெற்ற ‘காப்’ தளம் 2019-இல் மாஸ்டடானின் மூலவரிகளை எடுத்துக்கொண்டது; உரிமத்தின்படி அதைத் தடுக்க வழியில்லை. பிற வழங்கிகள் ஒவ்வொன்றாக அதனோடு தொடர்பைத் துண்டித்து அதைத் தனிமைப்படுத்தின. 2021-இல் டொனால்டு டிரம்ப்பின் ‘ட்ரூத் சோஷியல்’ அதே மூலவரிகளைச் சொல்லாமல் பயன்படுத்தியபோது, மாஸ்டடானின் ஏஜிபிஎல் உரிமம் துணைநின்றது: மாற்றிய மூலவரிகளைப் பயனருக்குத் தர வேண்டும் என்று அவ்வுரிமம் கட்டளையிடுவதால், அறிவிப்புக் கடிதம் சென்ற பின் அந்நிறுவனம் அவற்றை வெளியிட நேர்ந்தது. திறந்த உரிமம் தீயவரைத் தடுக்காது. ஒளிந்துகொள்வதை மட்டும் தடுக்கிறது.

கூட்டிணைந்த இணையத்தின் உண்மையான பலவீனம் இவற்றில் எதுவுமன்று. அது வழங்கியை நடத்துவதில் இருக்கிறது. மென்பொருள் இலவசம், ஆனால் வழங்கிக்கு மாத வாடகை உண்டு, படங்கள் சேரச் சேரச் சேமிப்பிடம் பெருகும், பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் நிறுவ வேண்டும், வசைமொழியையும் மோசடியையும் நீக்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஆர்வமுள்ள தனிநபர் ஒருவர் தன் சொந்தச் செலவில் தொடங்கும் வழங்கி, அவருக்குத் திருமணமோ நோயோ வேலைமாற்றமோ வரும்போது மூடப்படுவது இவ்வுலகில் அன்றாட நிகழ்ச்சி. மாஸ்டடானில் ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர் தம்மைப் பின்தொடர்வோரைக் கூடவே அழைத்துச் செல்லலாம். பழைய பதிவுகள் கூட வருவதில்லை. செல்வ வளமுள்ள அமைப்புகளும் இதில் தோற்றிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிறுவனங்களுக்கென 2022 ஏப்ரலில் தொடங்கப்பட்ட ‘ஈயூ வாய்ஸ்’ மாஸ்டடான் வழங்கி 2024 மே மாதத்தில் மூடப்பட்டது. தொழில்நுட்பம் பழுதானதால் அல்ல; முன்னோட்டக் காலம் முடிந்ததும் அதைத் தொடர்ந்து ஏற்று நடத்த ஒன்றியத்தின் எந்த உறுப்பும் முன்வராததால். யாருடைய பொருள் என்று நிலைநாட்டப்படாத எதுவும் நெடுங்காலம் பராமரிக்கப்படுவதில்லை. மென்பொருள் கைக்கு எட்டும் தொலைவில் கிடக்க, உரிமைக்கான அமைப்புதான் இல்லாமல் இருக்கிறது.

அத்தகைய அமைப்பை உருவாக்கிக் காட்டிய அனுபவம் மலேசியத் தோட்டத் தமிழருக்கு உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கு ஒன்றுக்குத் தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகத் தவணை செலுத்தினர். தோட்டம் தோட்டமாகச் சென்று அவர் உறுப்பினர் சேர்த்தார். அந்தச் சிறு தொகைகள் திரண்டு, கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பிறகு பல தோட்டங்கள் சேர்ந்தன. சங்கம் இன்றும் இயங்குகிறது. துண்டாடல் முழுவதையும் அது தடுத்துவிட்டது என்று சொல்ல முடியாது, தடுக்கவில்லை. ஆனால் குடியிருப்பவரே நிலத்தை வாங்குவது நடக்கக்கூடிய செயல் என்பதை, கணக்குப் புத்தகமும் பொதுக்கூட்டமும் தேர்தலும் கொண்ட சாதாரணக் கூட்டுறவு முறையிலேயே அது நிறுவியது. இதே முறை இணையத்திலும் இருக்கிறது: ‘சோஷியல்.கோ-ஆப்’ என்ற மாஸ்டடான் வழங்கி 2017 முதல் உறுப்பினர் சந்தாவில் கூட்டுறவாக நடந்து வருகிறது; விதிகளை உறுப்பினரே வாக்களித்து முடிவு செய்கின்றனர்.

கெமாஸ் போன்ற ஒரு சிற்றூர் தனக்கெனத் தனி வழங்கி வைத்துக்கொள்வது வீண் செலவு; அந்த அளவுக்குப் பயனரும் இல்லை, பராமரிக்கும் ஆளும் இல்லை. மாநில அளவிலோ நாடு தழுவியோ தமிழ்ப்பள்ளி வாரியங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள், தோட்டக் கூட்டுறவுகள் ஆகியவை சேர்ந்து ஒரே கூட்டுறவாகப் பதிந்துகொண்டு, இரண்டு மூன்று வழங்கிகளை நடத்துவது நடைமுறைக்கு ஏற்றது. 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாட்டில், பள்ளிக்கு மாதம் சில பத்து வெள்ளி என்ற அளவிலேயே இதன் செலவு அடங்கிவிடும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அரசு நடத்தும் ‘நாடி’ சமூக இணைய மையங்கள், இதற்கான பயிற்சியைத் தரப் பொருத்தமான இடங்கள். அங்கு ஏற்கெனவே கணினியும் பொறுப்பாளரும் உண்டு. நினைவுகளைத் தொகுப்பதற்கு ஈழத்தமிழர் 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம ஆவணகம் நல்ல முன்மாதிரி. போரால் சிதறிய மக்கள், ஊர்மலர்களையும் பள்ளி இதழ்களையும்கூட விடாமல் ஆவணப்படுத்த முடியும் என்பதை அது காட்டியிருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவும் 2003 முதல் திறமூல மென்பொருளிலும் திறந்த உரிமத்திலும்தான் வளர்ந்து வருகிறது. தோட்டங்களைப் பற்றிய கட்டுரைகளுக்கு அங்கே இடம் இன்னும் நிறைய இருக்கிறது.

இதற்காகப் புலனத்தை விட்டுவிட வேண்டும் என்று வற்புறுத்துவது பயனற்றது. அக்காள் மகனின் திருமணச் செய்தி புலனத்தில்தான் வரும், வரட்டும். அன்றாடப் பேச்சு எங்கே நடந்தாலும், அதிலிருந்து காக்கத்தக்கதன் மூலப்படி சொந்த வழங்கியில் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு போதும். முகநூலிலிருந்து தம் பதிவுகளையும் படங்களையும் தரவிறக்கிக்கொள்ளும் வசதியை ஒவ்வொருவரும் இப்போதே பயன்படுத்தலாம். ஆனால் குழுவில் பிறர் இட்டவை அந்தத் தரவிறக்கத்தில் வருவதில்லை என்பதால், குழுவின் நிர்வாகி ஒருவர் மட்டும் செய்து முடிக்கக்கூடிய வேலையன்று இது.

சட்டத்தின் நிலையும் கவனத்துக்குரியது. மலேசியாவில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயனரைக் கொண்ட சமூக ஊடகங்களும் தகவல் பரிமாற்றச் செயலிகளும் 2025 ஜனவரி முதல் உரிமம் பெற வேண்டும் என்று தொடர்பு, பல்லூடக ஆணையம் விதித்துள்ளது. கூட்டுறவு வழங்கி ஒன்று அந்த எல்லையை எட்டப்போவதில்லை. ஆனால் 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு எண்ணிக்கை பார்ப்பதில்லை. தகாத உள்ளடக்கம் பற்றிய அதன் விதிகள் சிறிய வழங்கிக்கும் பொருந்தும். எனவே மட்டுறுத்தலை, அதாவது பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் பணியை, ஓய்வுநேரத் தொண்டாக விட்டுவிடாமல், பொறுப்பேற்றவர் பெயரும் மேல்முறையீட்டு வழியும் எழுதப்பட்ட ஏற்பாடாக அமைப்பது தேவையாகிறது. இன மத உணர்வுகள் எளிதில் தீண்டப்படும் நாட்டில் இது தாமதிக்கத்தக்க செயலன்று.

இவையெல்லாவற்றுக்கும் முன்பு முடிக்க வேண்டிய சிறு வேலை ஒன்று உண்டு. பல சங்கங்களின் இணைய முகவரிகள், அவற்றை முதலில் வாங்கிய ஆர்வலர் ஒருவரின் சொந்தப் பெயரிலும் சொந்த மின்னஞ்சலிலும் பதிவாகியிருப்பதும், அவர் மறைந்த பிறகோ மனவேறுபாடு கொண்டு விலகிய பிறகோ முகவரி காலாவதியாகி வேறெவரோ வாங்கிக்கொள்வதும் வழக்கமாக நடப்பவை. முகவரி சங்கத்தின் பதிவுப் பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொல்லின் படி செயலாளரிடமும் பொருளாளரிடமும் தனித்தனியே இருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதியும் கட்டணமும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் வரவு செலவு அறிக்கையில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும். வழங்கியை எந்த மென்பொருளில் நடத்துவது என்பதை அதற்கு அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.